ஆறாவது கம்பம்

ஆர்விட் நைகார்ட் அன்று காலையில் சொன்னது முழுப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. "ஒம்போது அங்குலம், நல்லா இருக்கு" என்றான். ஒன்பது அங்குல ஐஸ் இருக்கத்தான் செய்தது. முதல் மூன்று கம்பங்களின் பக்கத்தில் இருந்தது. மீதி ஆறைப் பற்றிப் பெர்னிஸ் தனியாகக் கேட்கவில்லை. அவனும் வாய் திறக்கவில்லை.

கர்லூ ஏரிக்கரையில் பெர்னிஸ் ஹோவ்டே நடத்தும் விடுதியில் அவனுக்குப் பதினோரு வருட வேலை. கோடையில் படகுகளைப் பார்த்துக்கொள்வான். டிசம்பரில் ஏரி இறுகிவிட்டால் வேலை மாறிவிடும். கரையிலிருந்து கூஸ் தீவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்து மீன்பிடிக் குடில்களுக்குப் போகும் தடத்தில் ஒன்பது கம்பங்கள் நட்டிருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஆரஞ்சுத் துணி. தினமும் விடிந்ததும் ஆர்விட் ஒவ்வொரு கம்பத்தின் அருகிலும் ஐஸைத் துளைத்து, கொக்கி வைத்த அளவுகோலை உள்ளே விட்டுக் கனம் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். அவன் சொன்ன பிறகுதான் முதல் பனிவண்டி கிளம்பும். அந்தப் பனிவண்டியை ஓட்டுவது அவன் மனைவி லவோன். பின்னால் சறுக்கு வண்டியைக் கட்டி, மீன்பிடிக்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போய்க் குடிலில் விட்டுவிட்டு, அடுத்த ஆட்களை அழைத்துப் போகத் திரும்பி வருவாள்.

ஒன்பதில் ஆறாவது கம்பம்தான் வம்பு பிடித்தது. தீவுக்கும் ஒரு பாறைத் திட்டுக்கும் நடுவே தண்ணீர் இடுக்கில் ஓடும் இடம் அது. மேலே எவ்வளவு குளிர் அடித்தாலும் அடியில் நீரோட்டம் ஐஸை அரித்துக்கொண்டே இருக்கும். சுற்றிலும் பத்து அங்குலம் இருக்கும்போது அங்கே மூன்று அங்குலம் இருந்ததை ஆர்விட் தன் கண்ணால் பார்த்திருக்கிறான். அந்த மாதிரி நாளில் தடத்தை மேற்கே தள்ளிப் போடுவார்கள்.

இதெல்லாம் அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவன் ஏன் மூன்றோடு திரும்பினான் என்பதற்கு அக்டோபர் மாதத்திலிருந்து சொல்ல வேண்டும்.

அதுவரை விடுதியில் இருந்தது பழைய பெட்ரோல் துளைப்பான். முப்பது பவுண்டு கனம். கோடையில் டாங்கியிலேயே நின்றுபோன பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துவிடும். குளிரில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். புதிதாக ஒன்று வாங்கலாம் என்று பெர்னிஸ் சொன்னதும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆர்விட் தன் தலையில் ஏற்றுக்கொண்டான். மூன்று வாரம் அதே பேச்சு. கேஸில் ஓடுவது வேண்டுமா, பேட்டரியில் ஓடுவது வேண்டுமா. எட்டு அங்குல வாயா, பத்து அங்குலமா. பத்து அங்குலம் என்றால் பெரிய மீனைத் தூக்கலாம், ஆனால் பேட்டரியைக் குடித்துவிடும் என்று கடைசியில் எட்டுக்கு வந்தான். பேட்டரி குளிரில் காலை வாரிவிடும் என்று பெர்னிஸ் இழுத்தாள். பழையதையே பழுது பார்த்தால் என்ன என்று லவோனும் கேட்டாள். பார்த்துக்கொள்கிற விதத்தில் பார்த்துக்கொண்டால் அது ஒருநாளும் ஏமாற்றாது என்று இரண்டு பேருக்கும் அவன் பாடம் நடத்தினான். நடத்தியதோடு விடாமல் தன் கையாலேயே ஒரு அட்டையில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஆணியும் அடித்தான். ராத்திரி பேட்டரிகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். பிளேடுகளைத் துடைத்து, ஈரம் போக்கி, எண்ணெய் தடவி, உறை மாட்ட வேண்டும். ஒட்டிய ஐஸை உதிர்க்கிறேன் என்று தரையில் தட்டக் கூடாது. கல்லில் பட்ட பிளேடை அன்றைக்கே மாற்ற வேண்டும். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

ஒன்பது அங்குலம் என்று சொன்ன அந்த வாரத் திங்கட்கிழமை, கரையோரம் ஆழமில்லாத இடத்தில் துளைத்தபோது பிளேடு அடித்தரைக் கல்லில் பட்டு ஓரம் சிதைந்தது. புதிய பிளேடுகள் அவனுடைய டிரக்கில் டப்பாவோடு கிடந்தன. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று நாள் போயிற்று. புதன் சாயங்காலம் முதுகு பிடித்துக்கொண்டதால் துளைப்பானை டிரக்கின் பின்னாலேயே போட்டுவிட்டுப் போய்ப் படுத்தான். இரண்டு பேட்டரிகளும் அதோடுதான் இருந்தன. விடியும்போது பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு டிகிரி.

வியாழன் காலை பேட்டரியில் சார்ஜ் காட்டும் நான்கு விளக்கும் எரிந்தன. அதைப் பார்த்து அவனும் நம்பினான். முனை மழுங்கிய பிளேடு ஐஸைச் சீவாமல் தேய்த்தது. முதல் துளைக்கே மூன்று மடங்கு நேரம். மூன்றாவது துளை முடிந்ததும் நான்கு விளக்கும் ஒன்றாக அணைந்தன. இரண்டாவது பேட்டரியை மாட்டினான். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. பட்டறைக்குக் கொண்டுவந்து சார்ஜரில் வைத்தால் சார்ஜர் சிவப்பாகக் கண் சிமிட்டியது. உறைந்த பேட்டரியை அது ஏற்காது. முதலில் சூடு ஏற வேண்டும். கணப்பு அடுப்புக்கு முன்னால் இரண்டையும் வைத்துவிட்டு, அரை மணியில் மறுபடி போய் மீதியைப் பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். அந்த நேரத்தில்தான் பெர்னிஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, ஐஸ் எப்படி என்று கேட்டாள். அவள் பார்வை போன திசையில் சுவரில் அவன் எழுதிய அட்டை தொங்கியது. பேட்டரிகளை அவள் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டு நின்றான்.

"ஒம்போது அங்குலம், நல்லா இருக்கு."

பெர்னிஸ் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

காப்பியைக் குடித்து முடித்தபோது ஒரு பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். காற்று எழும்பி, தரைப்பனியை முழங்கால் உயரத்துக்குக் கிளப்பிவிட்டிருந்தது. பட்டறைக்குப் பக்கத்தில் லவோனின் பனிவண்டி நிற்கும் இடம் காலி. அதன் தடம் நேராக ஏரிக்குள் போயிருந்தது.

சமையலறைக்கு ஓடினான். பெர்னிஸ் அப்பத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"லவோன் எங்க?"

"தபால்கார அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனா. அரை மணி இருக்கும். ஏன்?"

"நான் எல்லாத்தையும் பாக்கல."

பெர்னிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "எத்தனை பாத்தே?"

"மூணு."

அவள் திட்டவில்லை. வானொலிக் கருவியை எடுத்து லவோனைக் கூப்பிட்டாள். தீவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் அது கேட்காது என்று இருவருக்கும் தெரியும். கரகரப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. பெர்னிஸ் மீட்புப் படைக்குப் போன் போட்டாள். ஊரிலிருந்து வர ஐம்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். இறக்கிவிட்டு, குடிலில் அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு லவோன் திரும்ப அரை மணிக்கு மேல் எடுக்க மாட்டாள். ஐஸைக் குத்திப் பார்க்கும் கடப்பாரை ஒன்றுதான் விடுதியில் இருந்தது. அதுவும் அவளுடைய சறுக்கு வண்டியில் போயிருந்தது.

பேட்டரியை உள்சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, துளைப்பானை முதுகில் மாட்டி, இன்னொரு பனிவண்டியில் ஆர்விட் புறப்பட்டான். மூன்றாவது கம்பம் வரை விரட்டினான். நான்காவதில் துளைக்கவில்லை, லவோனின் தடம் அதைத் தாண்டிப் போயிருந்தது. ஐந்தாவது கம்பத்தில் வண்டியை நிறுத்தினான். அதற்கு மேல் வண்டியில் போக அவன் உடம்பு ஒப்பவில்லை.

இறங்கி நடந்தான். காற்றில் பனி ஓடிக்கொண்டே இருந்ததால் தரை நகர்கிற மாதிரி இருந்தது. எதிரே நூறு அடிக்கு மேல் தெரியவில்லை. ஆறாவது கம்பத்தின் ஆரஞ்சுத் துணி ஒரு தரம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அதற்கு முப்பது அடி முன்னால் அவன் நின்றான். லவோனின் தடம் அந்த இடத்தில் வெள்ளையாக இல்லை, சாம்பல் நிறத்தில் இருந்தது. வண்டி அழுத்திய பள்ளத்தில் கீழேயிருந்து தண்ணீர் ஊறி மேலே வந்திருந்தது. அவ்வளவு குளிரிலும் அது இன்னும் முழுசாக உறையவில்லை.

அவள் அதைத் தாண்டிப் போயிருக்கிறாள். வேகமாகப் போனதால் தப்பித்திருக்கிறாள். அந்த ஐஸ் இன்னொரு தடவை வண்டியைத் தாங்காது. அவளோ இதே தடத்தில்தான் திரும்பி வருவாள்; அவன் பார்த்துச் சொன்ன தடம் இது.

மேற்கே வளைந்து, அந்த இடுக்கைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் தடத்தில் போய் நின்று அவளை மறிக்க வேண்டும். வேறு வழி இல்லை. நீரோட்டம் மேற்கே எதுவரை அரித்திருக்கிறது என்று துளைத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்தப் பிளேடை வைத்துக்கொண்டு துளைத்தால் நான்கு துளைக்குள் பேட்டரி செத்துவிடும்.

மண்டியிட்டான். டிரக்கிலிருந்து எடுத்துவந்த டப்பாவைப் பிரித்தான். கையுறையோடு அந்தச் சின்னத் திருகுகளைப் பிடிக்க முடியாது. கையுறைகளைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டான். பிளேடுக்கு இரண்டு திருகு, இரண்டு பிளேடு. முதல் பிளேடு சுலபமாக வந்தது. இரும்பு தொட்ட இடமெல்லாம் விரல்தோலைப் பிடித்து இழுத்தது. இரண்டாவது பிளேடைப் பொருத்தும்போது விரல்களில் உணர்வு இல்லை. திருகு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு திருகு நழுவிப் பனியில் விழுந்து காணாமல் போயிற்று. தேடக் கையை விட்டால் இன்னும் ஆழமாகப் போகும். பழைய பிளேடிலிருந்து கழற்றிய திருகு ஒன்றை எடுத்து, வாய்க்குள் வைத்துச் சூடாக்கி மாட்டினான். உதட்டுத் தோல் அதோடு போனது. முடுக்கும்போது ஒரு கணம் கையை நிறுத்திக் காதைக் கொடுத்தான். பனிவண்டிச் சத்தம் கேட்கவில்லை, காற்று மட்டும்தான்.

பேட்டரியை வயிற்றிலிருந்து எடுத்து மாட்டினான். இரண்டு விளக்கு எரிந்தன. விசையை அழுத்தினான். புதிய பிளேடு வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. ஏழு அங்குலம். பத்து அடி நடந்து அடுத்தது. ஏழு. அதற்கடுத்தது ஆறு. ஒவ்வொரு துளை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி மறுபடி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அடுத்த இடம் வரை மெதுவாகக் கால்களை அகட்டி நடந்தான். ஐந்து. ஐந்து. நான்கரை. ஏரி ஒரு தரம் அடிவயிற்றிலிருந்து முனகியது. அந்தச் சத்தம் தீவு வரை ஓடிப்போய் நின்றது. பதினோரு வருஷமாகக் கேட்ட சத்தம்தான். குளிரில் ஐஸ் விரியும்போது வருவது, பயப்பட ஒன்றுமில்லை என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவனே சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அவன் அப்படியே நின்று, கால் அசைக்கப் பயந்து, மூச்சுவிடவும் பயந்தான்.

ஒன்பதாவது துளை மூன்று அங்குலம். பின்வாங்கி இன்னும் மேற்கே போனான். நான்கு. அடுத்ததைத் துளைக்கும்போது திருகுத்தண்டு பாதியில் நின்றது. விளக்கு ஒன்றும் எரியவில்லை. பேட்டரியை எடுத்து ஊதினான், தேய்த்தான், கக்கத்தில் வைத்தான். பயனில்லை. இழுத்துப் பார்த்தால் தண்டும் வரவில்லை. அதற்குள் அதைச் சுற்றி ஐஸ் பிடித்துவிட்டிருந்தது.

தடம் இன்னும் ஐம்பது அடி தூரத்தில். அந்த ஐம்பது அடிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. முதலில் காற்றோ என்று நினைத்தான். பிறகு சந்தேகமே இல்லை, லவோனின் வண்டி. அவள் அதை எப்படி முறுக்கி ஓட்டுவாள் என்பது அவன் காதுக்குப் பழக்கம்.

குப்புறப் படுத்தான். கைகால்களைப் பரப்பி, வயிற்றால் தள்ளித் தள்ளி ஊர்ந்தான். இருபதாவது அடியில் முழங்கைக்குக் கீழே ஐஸ் தாழ்வதை உணர்ந்தான். உடைந்துவிடவில்லை; பலகை வளைகிற மாதிரி வளைந்தது. முகத்துக்கு நேரே மெல்லிய விரிசல் ஒன்று, முடி கனத்துக்கு, ஓடியது. அதில் தண்ணீர் கசிவதைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை. இடது பக்கமாகப் புரண்டு, ஒரு சுற்று, இரண்டு சுற்று, இன்னொரு சுற்று புரண்டு போனான். உடம்பின் கீழே மறுபடி கெட்டியான தரை வந்ததும் எழுந்து தடத்தை நோக்கி ஓடினான். விளக்கு தெரிந்தது. பனிக்குள் மஞ்சளாக, நேராக அவன்மேல் வந்தது.

தடத்தின் நடுவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். விளக்கு வேகம் குறைக்கவில்லை. பிறகு குறைத்தது. வண்டி பக்கவாட்டில் சறுக்கி, அவன் காலுக்குப் பத்து அடி முன்னால் வந்து நின்றது.

லவோன் கண்ணாடியை மேலே தள்ளினாள். "புத்தி பிசகிடுச்சா உனக்கு? குறுக்க வந்து நிக்கிற. ஏத்திருப்பேன் தெரியுமா?"

"எஞ்சின அணை."

"வாயெல்லாம் ரத்தம். என்ன ஆச்சு? டிரில் எங்க?"

"அங்க மாட்டிக்கிச்சு. அணை லவோன்."

அணைத்தாள். காற்று மட்டும் இருந்தது.

"ஆறாவது கம்பத்த நான் பாக்கல."

"பாக்கலேன்னா?"

"மூணோட நிறுத்திட்டேன். பேட்டரிய ராத்திரி வண்டியிலயே விட்டுட்டேன். பெர்னிஸ் கேட்டப்ப நல்லா இருக்குன்னு சொன்னேன்."

லவோன் வண்டியிலிருந்து இறங்கினாள். சறுக்கு வண்டியிலிருந்து கடப்பாரையையும் கயிற்றையும் எடுத்தாள். கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை அவன் கையில் கொடுத்தாள். அவன் தடுத்துப் பார்த்தான். அவள் காதில் வாங்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் ஒரு குத்துக் குத்திக்கொண்டே தடத்தில் நடந்தாள். ஆறாவது கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரே குத்தில் கடப்பாரை அவள் பிடி வரை உள்ளே போனது. கறுப்பாகத் தண்ணீர் பொங்கி அவள் பூட்ஸை நனைத்தது. அவள் பின்னுக்கு வந்தாள், ஒவ்வொரு காலாக, திரும்பாமலேயே. ஆர்விட் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தான்.

பக்கத்தில் வந்ததும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"மூணு பேரு இது மேலதான் போனோம். ஏதோ ஜோக் சொல்லிட்டிருந்தான் அந்தத் தம்பிக்காரன். நான் சிரிச்சிட்டிருந்தேன்."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் குடிலுக்கு நடந்து போய், தபால்காரர்கள் இருவரையும் கிளப்பிக் கூட்டிவந்தார்கள். அவர்கள் அப்போதுதான் தூண்டிலை இறக்கியிருந்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். விஷயத்தை ஆர்விட்தான் சொன்னான். அதன் பிறகு முணுமுணுப்பு இல்லை. நால்வரும் ஒரே கயிற்றில், ஆளுக்கு இருபது அடி இடைவெளி விட்டு, பாறைத் திட்டையும் தாண்டி வெகுதூரம் மேற்கே சுற்றி நடந்தார்கள். முன்னால் கடப்பாரையோடு லவோன். முன்னால் போகிறேன் என்று ஆர்விட் கேட்டான். பின்னால் வா என்று சொல்லிவிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவன் கேட்டதெல்லாம் அந்தக் குத்துகளின் சத்தம்தான். கெட்டியான இடத்தில் ணங்கென்று கேட்டது. சில இடத்தில் பொத்தென்று கேட்டது. அப்போதெல்லாம் அவள் நின்று, வலது பக்கம் விலகி, மறுபடி குத்தினாள். ஒவ்வொரு பொத்துக்கும் அவன் கயிற்றை இறுக்கிப் பிடித்தான். மூத்த தபால்காரர் நடந்துகொண்டே வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கரையில் மீட்புப் படையின் வண்டி நின்றது. பெர்னிஸ் கம்பளிகளோடு ஐஸ் மேலேயே ஓடிவந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆர்விட்டின் மூன்று விரல்களைத் தவிர. அவை மெழுகு மாதிரி வெளுத்துப் போயிருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கச் சொல்லிவிட்டு, கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று மருத்துவ உதவியாளர் எச்சரித்துவிட்டுப் போனார். அன்று மத்தியானமே பெர்னிஸ் தடத்தை மூடினாள். ஐஸ் பார்க்கும் வேலை இனி இரண்டு பேர் சேர்ந்து செய்வது, ஒருவர் சொல் மட்டும் போதாது என்றாள். அந்த இரண்டு பேரில் நீயும் இருப்பாயா மாட்டாயா என்பதை லவோன்தான் சொல்ல வேண்டும் என்றும் ஆர்விட்டிடம் சொன்னாள்.

வீட்டில், சமையலறை மேஜையில் ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து அவன் கையை லவோன் அதில் அமிழ்த்தினாள். உணர்வு திரும்பும்போது விரல்கள் நெருப்பாக எரிந்தன. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் ஆறியபோதெல்லாம் அவள் கெட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி, தன் முழங்கையால் சூடு பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மூன்று மணி வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது.

பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"இன்னிக்கு மட்டுந்தானா?"

அவனுக்குப் புரிந்தது. இல்லை என்று சொல்லவும் முடியும், ஆமாம் என்று சொல்லவும் முடியும். எதைச் சொன்னாலும் அவளால் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீருக்குள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு யோசித்தான். பதினோரு குளிர்காலம். எத்தனை காலை.

"ரெண்டு தடவ" என்றான். "மூணு வருஷம் முன்ன ஒரு தடவ. முழங்கால் வலின்னு ஏழோட திரும்பிட்டேன். போன பிப்ரவரியில ஒண்ணு. அப்ப பதினாலு அங்குலம் இருந்துச்சு. எங்கயும் இருக்கும்னு நினைச்சேன்."

"அந்த ரெண்டு நாளும் நான்தானே ஓட்டினேன்."

"ஆமா."

கெட்டிலை அவள் அடுப்பில் வைத்தாள். திரும்பி வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் கை மேஜைமேல் இருந்தது.

"நாளைக்கு நானும் வரேன்," என்றாள். "அளவுகோல நான் பிடிக்கிறேன். ஒவ்வொண்ணையும் நான் பாக்கணும்."

அவன் தலையை ஆட்டினான். அவள் கையைத் தொட நினைத்தான். ஆனால் அவன் கை தண்ணீருக்குள் இருந்தது, விரல்கள் இன்னும் மடங்கவில்லை.